பச்சை சோப்பில் துவைத்த சட்டை

தியமாந்தோவுக்குத் தேள் பயம் கிடையாது. தேள் மலிந்த மானி மலையில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தேளைக் கண்டு என்ன பயம்? செருப்பை உதறிப் போடுவாள், கண்ணில் பட்டால் துடைப்பத்தால் தள்ளிவிடுவாள், அவ்வளவுதான். அவளுக்கு ஆகாதது இருட்டு. சின்ன வயதில் அவளுடைய அண்ணன், மலைமேல் வாய் திறந்து கிடந்த மழைநீர்க் கிணறு ஒன்றில் ராத்திரியில் தவறி விழுந்து செத்துப்போனான். அதிலிருந்து விளக்கு வைத்தபிறகு வாசற்படி தாண்டமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனைப் பாருங்கள், இருட்டினால்தான் வீட்டை விட்டே கிளம்புவார்.

நிகீத்தாஸ் பஸ் டிரைவர். பகலெல்லாம் கலமாத்தா நகரத்துக்குப் போகும் மலைப்பாதையின் வளைவுகளில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாக மலையேறிவிடுவார். ஊதா விளக்கை அடித்தால் தேள் பச்சையாக மின்னும். பெட்டிக்கடைக்காரன் கள்ளநோட்டு பார்க்க வைத்திருந்த விளக்கை விளையாட்டாகச் சுவரில் அடித்துப் பார்த்தபோது இதைக் கண்டவர்தான், கிறுக்குப் பிடித்துப்போனார். பிடிக்கமாட்டார், கொல்லமாட்டார், விற்கமாட்டார். கற்சுவர் கற்சுவராகக் குனிந்து பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வீடு திரும்புவார்.

"என்ன நிகீத்தாஸ் அண்ணே, நேத்து ராத்திரி எத்தனை பேரைப் பாத்தீங்க?" என்று காப்பிக்கடை பியெரோஸ் வம்புக்கு இழுப்பான்.

"உன் கடையில குந்தியிருக்கறதுங்கள விட ஜாஸ்திடா. கொட்டறதும் கம்மி" என்பார் அவர்.

இந்தக் கிறுக்கில் தியமாந்தோவின் பங்கு ஒன்றே ஒன்றுதான், சலவை. பவுடர் போட்டுத் துவைத்த துணி ஊதா விளக்கில் நீலமாக எரியும். கண் கூசி, பக்கத்தில் இருக்கும் தேள்கூடத் தெரியாமல் போய்விடும். அதனால் அவருடைய மலைச் சட்டையை மட்டும் தனியே எடுத்து, ஆலிவ் எண்ணெயில் காய்ச்சிய பச்சை சோப்புப் போட்டுக் கையால் கசக்குவாள். மெஷின் வாங்கிய பிறகும் அந்தச் சட்டை மெஷினுக்குள் போனதில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வாள். ஆனால் ஒரு நாளும் செய்யாமல் விட்டதில்லை.

"ஒரு தடவ வாடி. ஒரே ஒரு தடவ" என்று கோடை பிறந்தால் கூப்பிடுவார்.

"எனக்கு வேலை கிடக்குய்யா. உனக்குத்தான் பொழுது போகல."

சில வருஷங்களில் அவர் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். அப்பாடா, விட்டது தொல்லை என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் பேரப்பிள்ளைகளின் பெயர், அப்புறம் வீட்டுக்கு வரும் வழி. மலைக்குப் போனவரைப் பியெரோஸ்தான் விடியலில் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். கலமாத்தாவிலிருந்து மகள் அரெத்தி ஓடிவந்து அழுதாள்.

"கெணத்துல விழுந்து செத்தா என்னம்மா பண்ணுவே? இன்னொரு தடவ ராத்திரில வெளிய போனாருன்னா, எங்க ஊர்ல இருக்கிற முதியோர் இல்லத்துல சேத்துடுவோம். சரின்னு சொல்லு."

தியமாந்தோ சரி என்றாள். வேறென்ன சொல்வாள்? மகள் பஸ் ஏறிப் போனதும் ஊதா விளக்கை எடுத்து மாவுப் பானைக்குள் புதைத்துவைத்தாள். விளக்கு இல்லாவிட்டால் போகமாட்டார் என்று நம்பினாள். பாவி மனுஷர், விளக்கு இல்லாமலே போனார்.

அந்த ராத்திரி அவள் விழித்தபோது பக்கத்துப் படுக்கை காலி. கதவு திறந்து கிடந்தது, ஆணியில் மலைச் சட்டையைக் காணவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டு, "பியெரோஸ்! ஐயோ பியெரோஸ்!" என்று கத்தினாள். அவன் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு மலையேறினான். பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் சரிவெங்கும் கேட்டது. வெகுநேரம் கழித்து மூச்சிரைக்கத் தனியாக இறங்கி வந்தான்.

"ஆளு மேலதான் இருக்காரு அக்கா. வெளிச்சம் பட்டாப் போதும், பதுங்கிப் பதுங்கி ஓடறாரு. கெணறுங்க பக்கமாவே போறாரு. எங்களால முடியல."

ஓடாமல் என்ன செய்வார்? தேள் பார்க்கும் மலையில் வெள்ளை வெளிச்சம் அடிப்பவனைக் கண்டால் அவருக்கு எப்போதுமே ஆகாது. தியமாந்தோவுக்கு அது சட்டென்று புரிந்தது. மாவுக்குள் கைவிட்டு விளக்கை எடுத்து, உடுப்பின் ஓரத்தில் துடைத்தாள்.

"எல்லாரையும் டார்ச்ச அணைச்சிட்டு அங்கங்க உக்காரச் சொல்லு. நான் போறேன்."

"அக்கா, உங்களுக்கு இருட்டுன்னாலே ஆகாதே!"

"ஆகாதுதான். அதுக்காக அந்த மனுஷன அப்படியே விட்டுடச் சொல்றியா?"

படி தாண்டினாள். ஊதா வெளிச்சம் நாலடிக்கு மேல் எட்டவில்லை. முட்புதர்கள் காலைக் கிழித்தன. ஒவ்வொரு கருப்பும் கிணறாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தால் தன் வெள்ளை ராத்திரி உடுப்பே நீலமாகத் தகதகக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

"அம்மா, கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

சுவரை ஒட்டிய இருட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். பச்சை சோப்பில் துவைத்த சட்டையில் அவர் இருந்த இடமே தெரியவில்லை. சட்டை தெரியாதபடி முப்பது வருஷமாகக் கசக்கிக் கசக்கித் துவைத்தவள் அவள்தானே.

"தப்பா நெனக்காதீங்க" என்றார் நிகீத்தாஸ். "பவுடர்ல தொவச்சத போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. கண்ணு கூசுது. புதுசா நீங்க? என் வீட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க, எதுல தொவைக்கணும்னு சொல்லுவா. அவளுக்கு எல்லாம் தெரியும்."

வாடி போடி என்று காலமெல்லாம் கூப்பிட்ட வாய் நீங்க என்கிறது. தியமாந்தோ உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரி வரலையா?"

"அவ வரமாட்டா. இருட்டுன்னா பயம் அவளுக்கு. வாயத் தொறந்து சொன்னதே இல்ல, ரோஷக்காரி. வேலை இருக்கும்பா. நான் கூப்பிடும்போதெல்லாம் அவ முகம் வெளுத்துப்போகும். பாவம்னு கூப்பிடறத விட்டுட்டேன்."

எல்லாம் தெரிந்திருக்கிறது இந்த மனுஷருக்கு! தெரிந்துதான் விட்டிருக்கிறார். அவளோ தொல்லை ஒழிந்தது என்று கை கழுவியிருந்தாள்.

"விளக்கை இப்படிக் காட்டுங்க" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரின் இடுக்குக்குத் திருப்பினார். கல்லிடுக்கில் பெரிய தேள் ஒன்று பச்சையாகச் சுடர்ந்தது. அதன் முதுகில் மட்டும் கொத்தாகக் கருநிழல்.

"குட்டிங்க" என்று கிசுகிசுத்தார். "மொதத் தோல உரிக்கிற வரைக்கும் அதுங்க சரியா மின்னாது. அம்மாக்காரி மட்டும்தான் தெரிவா. பாருங்க, எப்படிச் சுமந்துக்கிட்டு நிக்கறா!"

தியமாந்தோ பார்த்தாள். இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. இதைக் காட்டத்தானே இத்தனை கோடை கூப்பிட்டார், ஒரு தடவை வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று மனது அடித்துக்கொண்டது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் தேளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலாமா?" என்றாள் கடைசியில்.

"போகலாம். வீட்ல தேடுவா."

கை கோத்தபடி இருவரும் இறங்கி வந்தார்கள். மறுநாளே அரெத்தி வந்தாள். சொன்ன சொல்லைத் தியமாந்தோ மாற்றவில்லை.

இல்லத்தில் நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் சாயங்காலமானால் விளக்கு எங்கே, விளக்கு எங்கே என்று அவர் அறை முழுக்கத் தேடுகிறார் என்று தாதிப் பெண் சொன்னாள். தியமாந்தோ அடுத்த முறை போகும்போது விளக்கைப் பையில் போட்டுக்கொண்டாள். தன்னுடைய கருப்பு உடுப்பைப் பச்சை சோப்பில் துவைத்து உடுத்திக்கொண்டாள். இந்த முறை கண் கூசுகிறது என்று சொல்லமாட்டார் பாருங்கள் என்று அவளுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்.

ஜன்னலை அடைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஊதா விளக்கை அவர் கையில் கொடுத்தாள். அவர் போட்டதும் படுக்கை விரிப்பு நீலமாக எரிந்தது. தலையணை எரிந்தது. அவர் போட்டிருந்த இல்லத்து உடுப்பு கழுத்திலிருந்து கணுக்கால்வரை நீலமாகத் தகதகத்தது. அவர் தன்னையே குனிந்து பார்த்தார். பொத்தானைக் கழற்றப் பார்த்தார்.

"யாரு இப்படிப் பண்ணினது? இத்தனை வெளிச்சத்துல ஒண்ணுகூடத் தெரியாதே. இனிமே எப்படிப் பாப்பேன் நான்?"

அவள் விளக்கை வாங்கி அணைத்தாள். இருட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள். அவருடைய தேம்பல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவர் அவளுடைய உடுப்பின் கைப்பகுதியை மூக்கருகே இழுத்து மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"இது எங்க வீட்டு சோப்பு" என்றார். "அவளைப் பாத்தீங்களா நீங்க?"

"பாத்தேன்."

"மறுபடி பாத்தா ஒண்ணு சொல்லுங்க. கூப்பிடறத விட்டுட்டேனேன்னு அவ நெனச்சுக்க வேண்டாம். ஒரு தடவ வரச் சொல்லுங்க. பயப்படாம வரச் சொல்லுங்க, நான் கையப் பிடிச்சுக்கறேன்."

அவருடைய கை அவளுடைய கைக்குள்தான் இருந்தது.

"சொல்றேன்" என்றாள் தியமாந்தோ.