வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு பெண் காரணமில்லாமல் வேகமாக நடக்கக் கூடாது. கம்பெனிச் சங்கு ஊதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது செத்திருக்க வேண்டும். நானோ தினமும் காலையில் வெறுங்கையோடு அம்மன் கோயில் குளத்தைப் பதினோரு சுற்று சுற்றினேன். ஊருக்குப் பேஜாராகிவிட்டது.

கப்பலில் என்னோடு வந்த ரங்கூன்காரர்களுக்குச் சொன்னால் புரியும். அங்கே ஏரிக்கரையில் பர்மியப் பெண்கள் கைலி மாதிரியான லோஞ்சியை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார்கள். உடம்புக்கு நல்லது, அவ்வளவுதான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நாங்கள் அகதிகளாகக் கிளம்பிய அன்று ரங்கூன் துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் என் வளையல்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு புருஷனை மட்டும் விட்டுவைத்தார்கள். மாற்றி எடுத்திருக்கலாம்.

இங்கே வந்து அவனிடம் பல வருஷம் அடிபட்டு, கடைசியில் நானே கேஸ் போட்டு விவாகரத்து வாங்கினேன். இனி நிம்மதி என்றார் வக்கீல். வந்தது கைநடுக்கம். சட்டி உருண்டால்கூட நெஞ்சு படபடக்கும், தூக்கம் கிடையாது. கம்பெனி கேன்டீனில் இட்லி ஊற்றும் கைக்கு டம்ளர் பிடிக்கவே பயம். அந்த வேலையும் போனால் எனக்குப் போக்கிடம் இல்லை. அதனால்தான் நடக்க ஆரம்பித்தேன். பத்தே நாளில் கை அடங்கியது. இதில் சாமிக்குச் சம்பந்தமே இல்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மனசு தெளியத்தான் நடக்கிறேன் அக்கா."

"தெரியுது பர்மாக்காரி. ஆம்பள திரும்பி வரணும்னுதானே சுத்திகினு கீறே? வெளிய சொன்னா பலிக்காது. அப்படியே என் பொண்ணு கல்யாணத்துக்கும் ரெண்டு சுத்து சேத்துக்கோ" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தாள். ஒரே வாரத்தில் பாதித் தெருவின் கோரிக்கைகளும் என் தலையில் விழுந்தன.

திருவள்ளூரில் இருந்த என் பழைய புருஷன் காதுக்கும் செய்தி போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் மழித்து, மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு குளக்கரையில் நின்றான்.

"எனக்காகவா இவ்வளவு கஷ்டப்படுறே? வா, வீட்டுக்குப் போகலாம்."

என் கை நடுங்கவில்லை. அதை நினைத்து எனக்கே சந்தோஷமாக இருந்தது. நான் நிற்காமல் நடந்தேன். பேசிக்கொண்டே கூட வந்தவனுக்கு மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கியது. நாலாவதில் படியில் உட்கார்ந்துவிட்டான். பதினொன்றையும் முடித்துவிட்டு, "எழுந்து போடா" என்றேன். போய்விட்டான்.

சிக்கல் மறுநாள் வந்தது. கன்னியம்மா வழிமறித்தாள்.

"வேண்டுதல் பலிச்சி ஆளு வந்துட்டான். இன்னும் இன்னாத்துக்கு சுத்துறே? சாமி குத்தம் ஆயிடும்."

நடையை நிறுத்தினால் மறுபடி நடுக்கம் வந்துவிடும் என்று எனக்குப் பயம். உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டாள்.

"அது முடிஞ்சுது அக்கா. அவன் திரும்பி வரவே கூடாதுன்னு இது புது வேண்டுதல்."

ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தெருவே இனி என்னோடு பேசாது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை எனக்கு முன்னாலேயே குளக்கரையில் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"எங்க ஊட்டு ஆளு லாரி எடுத்துகினு நெல்லூர் போயிக்கீறான்" என்றாள். "எனக்கும் அந்தப் புது வேண்டுதல்தான். பர்மாக்காரி, கொஞ்சம் மெதுவா நட."