எறங்கவா, எறக்கவா

சித்தப்பா பஸ்ஸில் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டார். நிறுத்தம் வந்தால் "வந்துடுச்சு, வா" என்பார். அடுப்பில் பால் பொங்கினால் "பாத்திரத்தைக் கீழ வை" என்பார். "இந்த மனுஷன் கண்டக்டரா போயிருந்தா ஒருத்தரும் வீடு போய்ச் சேந்திருக்க முடியாது" என்று சித்தி சிரிப்பாள். பல வருடங்கள் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்து, அவர்கள் வீட்டு முன்னறையில் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிடந்த எனக்கு, அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுவதுதான் கண்ணில் பட்டது.

சித்தப்பா ஒரு விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டுகிறவர். மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஓட்டுவதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். முன்பு அவரோடு இன்னொருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'ஒட்டடைக்குச்சி'. அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. பிளேடு கழற்ற வண்டிக்கு அடியில் நுழைவது எப்போதும் அவர்தான்.

அவர் செத்த கதையைச் சித்திதான் சொன்னாள். வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டு சாய்பலகைகளின் மேல் ஏறி நின்றிருக்கின்றன. சக்கரத்துக்குக் கட்டை வைக்கவில்லை. சித்தப்பா சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார், அதுவே போதும் என்று நினைத்துவிட்டார்கள். பக்கத்தில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தது போலத் தோன்றவே, வண்டியைப் பலகையிலிருந்து கீழே கொண்டுவரலாமா என்பதற்கு, சித்தப்பா "எறக்கவா?" என்று கேட்டார். அடியிலிருந்து "சரி" என்று பதில் வந்தது. ஆள் வெளியே வந்துவிட்டதாக நினைத்துக் காலை எடுத்தார். வண்டி பின்னால் உருண்டது.

"சீட்ட விட்டு எறங்கவான்னு கேட்ட மாதிரி செத்தவர் காதுல விழுந்திருக்கும்னு யாரோ வாய வெச்சுட்டுப் போயிட்டாங்க," என்றாள் சித்தி. "அதுலேருந்து இவருக்கு அதே நெனப்பு. சாப்பிட உக்காந்தா தட்டையே பாத்துட்டிருப்பாரு. எந்த வார்த்தைடி போய்ச் சேந்துச்சும்பாரு. எனக்கு என்ன தெரியும், சொல்லு."

அதன்பின் சித்தப்பா வண்டிக்கு அடியில் போனதே இல்லை. பிளேடு இருக்கும் பெட்டியை மொத்தமாகக் கழற்றிப் பக்கவாட்டில் வெளியே இழுத்துவிடுவார். அதற்கும் முன்னால், இன்ஜின் ஆறும்வரை காத்திருப்பார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிளக் வயரைப் பிடுங்கி, பிளக்கில் படாத தூரத்தில் கட்டி வைப்பார்.

"சாவிய எடுத்தா தூங்குது, அவ்வளவுதான்," என்றார் என்னிடம். "இந்த வயர் இருக்கற வரைக்கும் பிளேடைக் கையால சுத்தினாகூட முழிச்சுக்கும்."

வீட்டில் கால் தரிக்காமல் அலைகிறேன் என்று சித்தி என்னையும் அவரோடு துரத்திவிட்ட நாள் அது. பிளேடுப் பெட்டியைத் தாங்கும் கம்பி துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டார், தட்டினார், திட்டினார். அசையவில்லை. வெகுநேரம் குந்தி உட்கார்ந்து வண்டியின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாய்பலகைகளை எடுத்துவந்து போட்டார்.

வண்டி ஏறி நின்றதும் பிரேக்கைப் பூட்டினார். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சட்டத்துக்கு அடியில் இரண்டு இரும்புத் தாங்கிகள். சாவியும் பிளக் வயரும் வழக்கம்போல. பிறகு தோளைக் கொடுத்து வண்டியை உலுக்கிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது.

"கம்ப்ரசரைப் போட்டுட்டு வந்து, சீட்டுல ஏறிப் பிரேக்கை மிதி."

"இவ்வளவு கட்டை வெச்சப்புறம் பிரேக் எதுக்கு சித்தப்பா?"

"மிதின்னா மிதியேன்மா. உலகம் சுத்தினவ, ஒரு பிரேக் மிதிக்க ஆயிரம் கேள்வி." மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். குதிகால்கள் மட்டும் தெரிந்தன. "நான் குரல் குடுத்ததும் கேளு. எறங்கவான்னு கேளு, இல்ல எறக்கவான்னு கேளு. எதுன்னு எங்கிட்ட சொல்லாத."

அந்த வார்த்தைகளை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கம்ப்ரசரின் இரைச்சல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. "கேளு" என்று குரல் வந்தது.

"எறக்கவா?"

"எறங்கவான்னு கேக்கற. இன்னொருவாட்டி."

"எறக்கவா?"

"மறுபடியும் அதேதான். மாத்திக் கேளேன்."

மாற்றவில்லை. நடு எழுத்தை அழுத்தி, தொண்டை கட்டும்படிக் கத்தினேன். "எறக்கவா?"

"எறங்கவா. மூணும் எறங்கவாதான். சரியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வார்த்தை மேலிருந்து அடிவரை சிதையாமல் போய்ச் சேர்கிறது என்று ஆகும். வண்டியை இறக்கத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தே ஒட்டடைக்குச்சி 'சரி' சொன்னதாக ஆகும். தப்பு செத்தவரோடு போய்விடும், சித்தப்பா பிழைத்துக்கொள்வார். ஆனால் செத்தவர் படுத்திருந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு அவர் கேட்டார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்ல சித்தப்பா. மூணு வாட்டியும் எறக்கவான்னுதான் கேட்டேன்."

குதிகால்கள் அசையவில்லை.

"அப்ப அவன்..." குரல் இரைச்சலுக்குள் போய்த் திரும்பி வந்தது. "அவன் என்னைத்தான் எறங்கச் சொல்லியிருக்கான். பிரேக்கைப் பூட்டிட்டுப் போய்க் கொஞ்சம் உக்காருடான்னு. தான் இன்னும் அடியிலதான் இருக்கோம்னு எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டே."

அழுகிறாரா என்று தெரியவில்லை. அது காதில் விழக் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும், நிறுத்த நான் இறங்க வேண்டும். சொல்லாமல் இறங்க எனக்குத் தைரியமில்லை. எந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

சாய்பலகையும் கட்டைகளும் தாங்கிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. வண்டி ஒரு நூல்கூட அசையாது. நான் பிரேக்கை இரண்டு கால்களாலும் மிதித்துக்கொண்டிருந்தேன்.