சத்தம் ஆகாதவர்

திருவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டுவிட்டதால், தெரிந்த மில் முதலாளி ஒருவரின் காரில் ராஜபாளையம் வரை போக ஏறினேன். வெள்ளைச் சட்டை, வெயில் கண்ணாடி. சொந்தமாகக் குட்டி விமானம் வைத்துத் தானே ஓட்டுகிறவர். போன மாதம் அதைச் சக்கரம் இறங்காமல் வயிறு தேயத் தரையில் இறக்கியிருந்தார்.

காரை எடுத்ததும் பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது. பெல்ட்டே இல்லாத வெறும் கொக்கியைச் செருகி அதன் வாயை அடைத்தார்.

“விமானத்துல எச்சரிக்கை வரலையா அண்ணாச்சி?” என்றேன்.

“வராம என்ன? காதுக்குள்ள கத்திக்கிட்டே கெடந்துச்சு. நிம்மதியா எறங்க விடணும்லா? அமத்திட்டேன்.”

“சக்கரம்?”

“எறக்க மறந்துட்டேன். அம்புட்டு வெல குடுத்து வாங்குனது, ஒரு வார்த்த ஞாபகப்படுத்த வேண்டாமா?”

டயரில் காற்றில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. சொன்னேன்.

“செத்த நேரம் சும்மா வாங்க,” என்றார்.

எனக்கும் கொக்கி செருகியாயிற்று.