மரித்தவர்களின் கொப்பியில் ஒரு பெயர்

சென்ற வாரம், கொழும்பில் நான் போகும் மாதா கோயிலின் அலுவலகத்தில் கார்த்திகை மாதப் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனேன். கணினிக்கு முன்னால் இருந்த பெண் தலை நிமிராமலே கேட்டாள்: "உயிரோட இருக்கிறவங்களுக்கா, இறந்தவங்களுக்கா?" சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலையை ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துக் குருநகரில் நானே பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம். சின்னப் பிள்ளைகளுக்கு அரிவரி படிப்பித்துக்கொண்டிருந்தேன். எழுத்து வடிவாக இருக்கிறதென்று, கோயில் காரியம் பார்க்கும் மூப்பர் பூசைக்குப் பெயர் பதியும் இரண்டு கொப்பிகளை என்னிடம் தந்தார். உயிரோடிருப்பவர்களுக்கு ஒன்று, மரித்தவர்களுக்கு ஒன்று. மோட்சத்துக்கே கிளாக்கர் ஆனதுபோல எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வருடம்தான் என் அண்ணை பிலிப்பும் பக்கத்து வீட்டுத் திரேசக்காவின் கணவர் சூசைதாசனும் ஒரே வள்ளத்தில் கடல்தொழிலுக்குப் போய்த் திரும்பாமல் விட்டார்கள். கடலில் வெடிச்சத்தம் கேட்டதென்று மற்ற வள்ளக்காரர் சொன்னார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா ஒரு மாதம் வாசலைப் பார்த்தார். பிறகு கறுப்புச் சேலை உடுத்தி, உடல் இல்லாமலே முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்தார். அண்ணையின் பெயரை என் கையாலேயே மரித்தவர்களின் கொப்பியில் எழுதினேன்.

திரேசக்காவோ பூச்சேலைதான். சனிக்கிழமைகளில் கணவரின் சேட்டுகளைத் தோய்த்து வேலியில் காயப்போடுவார். பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரம் வராத காலம். பனம்பழம் கரைத்துத்தான் தோய்ப்போம். இன்றைக்கும் பனம்பழ வாசம் வந்தால் எனக்குப் பனங்காய்ப் பணியாரம் நினைவு வருவதில்லை, அந்த நீலச் சேட்டுத்தான் வரும். வாசத்துக்கு ஆசைப்பட்ட ஆடொன்று ஒருநாள் அதன் ஒரு கையைச் சப்பித் தின்றுவிட்டது. இனியாவது இவர் அழுவார் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். திரேசக்கா கத்தரிக்கோலை எடுத்து மற்றக் கையையும் வெட்டினார்.

"வெக்கைக்கு அரைக்கைதான் நல்லம். வந்து போடட்டும்."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இரண்டு வீட்டுக்கும் பதுங்க ஒரே பங்கர். குண்டு போடப் பொம்மர் வந்தால் எல்லோரும் அதற்குள்தான். அம்மா விம்முவார், எனக்குப் பல் கிட்டும். திரேசக்கா செபமாலையை எடுத்துச் சந்தோச தேவ இரகசியங்களைத் தொடங்குவார். சந்தோசத்துக்கு, துக்கத்துக்கு என்று செபமாலைக்குக் கிழமை முறை உண்டு; அவருக்கு எந்தக் கிழமையானாலும் அதுதான். முடிந்த பிறகும் அவருடைய உதடு கனநேரம் அசைந்துகொண்டிருக்கும்.

"அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. துக்கமெல்லே சொல்லவேணும்?" என்று ஒருநாள் சட்டம் கதைத்தேன்.

"துக்கத்தை நீங்கள் சொல்லுறியள்தானே. நான் இதைச் சொல்லுறன்."

மரித்தவர்களை நினைக்கும் கார்த்திகை மாதம் வந்தது. பூசை வைக்கும் சுவாமி பீடத்தில் வாசிக்க மரித்தவர்களின் பெயர்களைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தேன். பிலிப்பு என்று எழுதினேன். அதற்குக் கீழே சூசைதாசன் என்றும் எழுதினேன். திரேசக்காவும் எங்களைப்போல் அழட்டும் என்றுதான் எழுதினேன், வேறு காரணம் இல்லை.

சுவாமி வாசித்தார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரேசக்கா முழங்காலிலேயே இருந்தார். பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீதானே பிள்ளை எழுதினது?"

"ஓம்."

"ஏன்?"

"உங்களைப் பாக்க எரிச்சலாக் கிடந்தது. அண்ணை செத்துப்போனார். உங்கடை மனிசன் மட்டும் உயிரோடை இருக்கிறார்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வாசற்படியில் இருந்துவிட்டார்.

"ஒரு வள்ளத்திலை போனதுகள். நான் இவரை மட்டும் எப்பிடித் தா எண்டு கேக்கிறது? முதல் நாளிலையிருந்து கொண்ணையின்ரை பேரையும் சொல்லித்தான் கேக்கிறன். அவன் இளையவன் எண்டு அவனைத்தான் முதல் சொல்லுறன்."

அந்த உதட்டசைவுக்குள் என் அண்ணையும் இருந்தார்! நான் அதைப் பார்த்துத்தான் இத்தனை மாதம் வயிறெரிந்திருக்கிறேன்.

"எனக்கும் பயம்தான் பிள்ளை" என்றார். "மாதாவும் மூண்டு நாள் மகனைக் காணாமல் தேடித் திரிஞ்சுதான் கண்டவ. தேடேக்கை ஒரு கொப்பியிலையும் எழுதிக் குடுக்கேல்லை."

அன்றே சூசை அண்ணையின் பெயரை வெட்டினேன். என் அண்ணையின் பெயரை வெட்ட, அம்மாவை வைத்துக்கொண்டு, துணிவு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து பங்கருக்குள் திரேசக்காவின் பக்கத்தில்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமையிலும் சந்தோசம்தான் சொன்னேன். பல் கிட்டுவது குறைந்தது. பொறாமை போனதென்று சொல்லமாட்டேன். அவரிடம் நம்பிக்கை தானாக ஊறியது. நான் கையேந்தி வாங்கினேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் அவரைத் தவறவிட்டேன். வன்னியில் காய்ச்சலில் போய்விட்டார் என்று வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். அம்மாவும் இப்போது இல்லை. நான் நாளும் செபமாலை சொல்கிறேன். எவ்வளவு முயன்றாலும் அண்ணையின் பெயர் என் வாயில் மரித்தவர்களோடுதான் வருகிறது; சென்ற வாரம் அந்தப் பெண்ணிடமும் அப்படித்தான் வந்தது. அவரை உயிரோடிருப்பவர்களோடு சேர்த்துச் சொல்ல இந்த உலகத்தில் ஒரேயொரு வாய்தான் இருந்தது.