மூன்று வெள்ளைத்தாள்

என் டைரியின் பக்கங்களுக்கு நானே எண் போடுவேன். தாலுகா அலுவலகத்தில் பதிவேடுகளோடு இருந்து வந்த பழக்கம். மழை, பஸ் வந்த நேரம், வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாம் அதில் இருக்கும். அதை நம்பித்தான் ஒரு வக்கீல் மேல் புகார் எழுதினேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் அக்காவுக்கு ஒரு வீடு, வீட்டை ஒட்டி வயல், கிணறு. அத்தான் இறந்ததும் அவருடைய தம்பி எல்லாம் தனக்கே என்றார். தென்காசி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். வக்கீலை அமர்த்தியது நான்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா பஸ்ஸில் வந்து, பகல் முழுக்கக் காத்திருந்து திரும்புவாள். மூன்று வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்து வாங்கித் தந்தால் அந்த அம்மா இனி அலைய வேண்டாம் என்று வக்கீலின் குமாஸ்தா சொன்னார். கட்சிக்காரர்கள் பலரும் செய்வதுதான். நானே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆடியில் அக்காவைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். ஐந்தருவிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் தங்கினோம். திரும்பிய சில வாரத்தில் கொழுந்தன் வயலைச் சுற்றி வேலி போட்டார். கேட்டதற்கு, வழக்கு ராஜியாகிவிட்டது என்றார். கோர்ட்டில் அந்தச் சமரசப் பத்திரத்தின் நகல் வாங்கிப் பார்த்தேன். வயலையும் கிணற்றையும் அக்கா விட்டுக்கொடுத்திருந்தாள். வீட்டிலும் ஆயுள் வரை ஓர் அறையில் மட்டும் இருந்துகொள்ளலாம். அடியில் அவள் கையெழுத்து. தன் அலுவலகத்தில், தன் முன்னால் போட்டது என்று வக்கீல் எழுதியிருந்தார். அதில் போட்டிருந்த தேதியில் நாங்கள் குற்றாலத்தில் இருந்தோம்.

வக்கீலிடம் போனேன். மேஜையில் கொழுந்தன் பெயர் எழுதிய வேறொரு வழக்குக் கட்டு இருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கையெழுத்து யாருதுன்னு ஒங்க அக்காட்ட கேளுங்க அண்ணாச்சி."

வக்கீல்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் சென்னை மன்றத்துக்கு எழுத உட்கார்ந்தேன். அக்கா எதிரே இருந்தாள்.

"அந்த வெள்ளைத்தாளு விசயத்தையும் எழுதிருலே," என்றாள்.

அது நம் கட்சியைக் கெடுக்கும் என்றேன். உண்மையில், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்த அரசாங்க ஊழியன் என்று என் பெயர் வருமே என்றுதான் பயந்தேன். வக்காலத்தைத் தவிர வேறெதிலும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை என்று சத்தியப் பத்திரம் தயாரித்தேன். பேனாவை வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"நீ சொல்லுத, நான் போடுதேன். அன்னைக்கும் அப்படித்தானலே போட்டேன்."

விசாரணைக்கு அக்காவை அழைத்துக்கொண்டு, டைரியோடு போனேன். குற்றாலப் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தேன். எதிர்த்தரப்பில் அதைப் படித்துவிட்டு மூடவில்லை. நிதானமாகப் பின்னோக்கிப் புரட்டினார்கள். பதினாறு பக்கம் தள்ளி நிறுத்தி, உரக்க வாசித்தார்கள். "அக்கா மூன்று வெள்ளைத்தாளில் கையெழுத்து. குமாஸ்தாவிடம் நேரில் கொடுத்தேன். இனி அலைச்சல் இல்லை."

உங்கள் எழுத்துதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்படியானால் சத்தியப் பத்திரம் பொய்தானே என்றார்கள். அக்கா தலை நிமிரவில்லை.

புகார் தள்ளுபடியானது. வக்கீல் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கியதே தவறு என்று முதலிலேயே எழுதியிருந்தால் அவரிடம் அல்லவா அதைக் கேட்டிருப்பார்கள்? இதை நான் யோசித்தது ரயிலில் திரும்பும்போது. ராஜியை ரத்து செய்யக் கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்தப் பொய்யைக் காரணம் காட்டியே வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பிறகு தென்காசியில் எந்த வக்கீலும் அதைத் தொடவில்லை.

என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். அக்கா வரவில்லை. மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பேன். முதல் தடவை போனபோது வெயிலில் நடந்து வந்திருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பானை காலியாக இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் வேலி வரை போனவள், கொழுந்தன் வீட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

"இரு தம்பி, கேட்டுட்டு வாரேன்."