ஊசி மருந்து மூடியில் ஓர் இதயம்

அசையாமல் படுத்திருக்க வேண்டிய குழந்தையை, தினமும் அரைமணி நேரம் சாய்த்து உட்கார வைத்துக் குப்பைகளை ஒட்ட விட்டேன். அது அவள் இதயத்துக்கு நன்மை செய்ததா, கேடு செய்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மகள் செண்பகத்துக்கு அப்போது எட்டு வயது. ஒரு திங்கட்கிழமை முழங்கால் வலிக்கிறது என்றாள். புதன்கிழமை அது சரியாகி, முழங்கை வலித்தது. இடம் மாறும் வலியை நான் நம்பவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, பள்ளிவரை நடத்தியே கூட்டிப்போனேன். அந்த நடையை நான் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவள் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவது) என்றார். மர்மரும் (வால்வு சரியாக மூடாததால் ரத்தம் கசியும் இரைச்சல்) இருந்தது.

"லப், டப்னு கேக்கணும்மா. இவளுக்கு நடுவுல ஒரு 'ஸ்ஸ்' வருது. ஊசி, மாத்திரை தரேன். ஆனா மூணு மாசம் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது. இதயம் தாங்காது."

செண்பகம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை.

வீட்டில் என் கணவர் பட்டுச் சேலை நெய்யும் தறிக்குப் பக்கத்திலேயே அவளுக்குக் கட்டில் போட்டோம். பத்தாம் நாள் அவள் தன் அப்பாவிடம் அறுந்த பட்டு நூல்களைக் கேட்டாள். கிழிந்த ஜக்கார்டு அட்டைகளையும் (சேலையின் பூவேலைக்காக ஓட்டை குத்தியவை) கேட்டாள். ஊசி போட வந்த நர்ஸிடம், காலியான மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடிகளையும் அலுமினியத் தகடுகளையும் வாங்கிவைத்தாள்.

எனக்குக் கிருமி பயம். நர்ஸ் ஊசியைக் கொதிக்க வைப்பதைப் பார்த்து, நானும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன், பட்டு நூல் உட்பட. நெசவாளி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் செய்கிற காரியமா அது? சிவப்பும் பச்சையும் மஞ்சளும் கலந்து, பெயரில்லாத ஒரு மங்கல் நிறமாகிவிட்டன.

என் கணவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "செம்பகம், உங்கம்மா பட்டு ரசம் வச்சிக்கினு இருக்குது. உனுக்கு ஒரு டம்ளர் ஊத்தட்டுமா?"

எனக்கு அழுகை வந்தது. செண்பகம் ஈர நூலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதாம்மா அந்தக் கலரு."

"எந்தக் கலரு?"

"வலிக்கிறப்ப உள்ள இருக்குமே, அது."

அன்றுதான் முதன்முதலாக அவள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன்.

மைதாப் பசையால் அட்டையில் ஒரு பெண் உருவத்தை ஒட்டினாள். கைகால்கள் அந்த நூலால் ஆனவை. மூட்டுக்கு மூட்டு ரப்பர் மூடி. மார்பில் மட்டும் எதையும் ஒட்டவில்லை. அங்கிருந்த ஓட்டைகள் வழியே ஒரு நூலைக் கோத்து, பின்பக்க நுனியில் ஒரு மூடியைக் கட்டினாள்; அது மோதும் இடத்தில் ஓர் அலுமினியத் தகடு. நூலை இழுத்தால் மூடி தகட்டில் தட்டியது. விட்டால் நூல் அட்டையை உரசிக்கொண்டு திரும்பியது.

டக். ஸ்ஸ்.

தறிச் சத்தம் நின்றது. என் கணவர் எழுந்து வந்து, தொடாமல், கும்பிடுவதுபோல் குனிந்து பார்த்தார். என் குழந்தையின் உள்ளே நடப்பதை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்த அட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா நூலை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.

"கொறஞ்சிருக்குது. முழுசாப் போகலை. மாசாமாசம் ஊசியை விட்டுடாதீங்க. இனிமே மெதுவா நடக்கட்டும்."

"நான் உட்கார வச்சதாலதான் முழுசாப் போகலையா டாக்டர்?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

வீட்டுக்கு வந்ததும் செண்பகம் ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்து அந்த நூலில் தேய்த்தாள். இழுத்தேன். உரசல் இருந்தது. ஆனால் காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். எனக்கு மாதம் என்பது ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை. தினமும் காலையில் அவள் எழுவதற்கு முன் அவள் மார்பில் காதை வைத்துக் கேட்கிறேன். நேற்று கண்ணைத் திறக்காமலே, "போதும்மா, கூசுது" என்றாள்.

இதே நோயைக் கடந்த பிள்ளைகளின் தாய்மார்களே, நீங்கள் எப்போது காதை எடுத்தீர்கள்? எப்படி எடுத்தீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்.