கடைசி வரிசையில் சுவரோர இருக்கை

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை பண்பாட்டு மைய அரங்கில் இருந்தவர்கள் அப்பா, சித்தி, நான். அம்மா வரவில்லை, நாங்கள் இல்லாத நேரம் பார்த்துச் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டால் கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவும் அரங்கில் இல்லை. ஆனால் வெளியே அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த போட்டோவில் அவர் இருந்தார். போன ஞாயிறு எடுத்த போட்டோ என்று அதன் கீழே எழுதியிருந்தது. அவர் காணாமல் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. மலையாள நாட்டுக் கரமனையில் ஆற்றை ஒட்டிய லைன் வீடுகளில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் தென்காசிப் பக்கமிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா குளித்து, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பண்பாட்டு மையத்துக்குக் கிளம்பிவிடுவார். புத்தகத்தைப் பற்றிய பேச்சு, சினிமா, சினிமா முடிந்ததும் அந்த சினிமாவைப் பற்றிய பேச்சு, எதுவானாலும் அவருக்குச் சம்மதம். கட்டணம் கிடையாது. ஏசி உண்டு. முடிந்ததும் பாலில்லாத கட்டன்சாயாவும் பருப்பு வடையும் உண்டு.

"ஒரு சாரு ஒண்ணரை மணிக்கூர் பேசினாரு, கேட்டியா? எனக்கு முன்னாடி இருந்தவரு அழுதாரு. எதுக்குன்னு தெரியல்ல. நானும் கொஞ்சம் அழுதேன்" என்பார் வந்து.

"வடை தீந்து போயிருக்கும்" என்பாள் சித்தி.

இடவப்பாதி என்கிற பருவமழை பிடித்த நாட்களில், ஒரு காலை ஆற்றில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. படித்துறையில் செருப்பும் சோப்பு டப்பாவும் இருந்தன. தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் தேடினார்கள். பிறகு ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல் தர்ப்பையில் உருவம் கட்டி எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம், சித்தியின் தாலியை அன்றே இறக்கிவிடலாம் என்று பேசி நாளும் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள், சரக்கு இறக்கிவிட்டு மையத்தின் வழியாக நடந்துவந்த அப்பா, பலகையில் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவும் மலையாள மீடியம். அப்பா வீட்டுக்கு ஓடிவந்து என்னையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போய், மூட்டையைத் தூக்குவதுபோல் என்னைத் தூக்கிப் பலகைக்கு நேராகப் பிடித்தார்.

"என்னலே போட்டிருக்கு?"

"கழிஞ்ச ஞாயிற்றுக்கிழமை நடந்த சினிமா விவாதத்துல கலந்துகிட்டவங்க."

"மறுக்கா வாசி."

மூன்றாம் தடவை ஒவ்வொரு எழுத்திலும் விரல் வைத்து வாசித்தேன். அச்சில் இருந்தால் அது நடந்தது என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். ரேஷன் கார்டில் எங்கள் பெயர் எப்படி இருந்ததோ அதையே எங்கள் பெயராக மாற்றிக்கொண்டவர்கள் நாங்கள்.

போட்டோவில் அரங்கம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில், சுவரோரம், வெள்ளைச் சட்டையில் சித்தப்பா. தலைக்கு நேர் மேலே ஒரு வட்டக் கடிகாரம், மணி ஆறு இருபது. மற்றவர்கள் எல்லோரும் மேடையைப் பார்க்க, அவர் மட்டும் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த ஆபீஸ் சாரிடம் கேட்டோம். "போட்டோ கழிஞ்ஞ ஆழ்ச்சத்தெ தன்னெ" என்றார், மேஜையைப் பார்த்தபடி. போன வாரத்துப் படமேதான். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்க. இங்கே வழக்கமா வர்றவங்கதான் எப்பவும் வரும்" என்றார்.

பெரியவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். தாலி சித்தியின் கழுத்திலேயே இருந்தது.

அப்படித்தான் அந்த முதல் ஞாயிறு போனோம். ஐந்தரை மணிக்கு விளக்கை அணைத்தார்கள். ஏதோ வெளிநாட்டுப் படம். அப்பா திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் வெளிச்சம் கூடும்போதெல்லாம் இருபது முப்பது முகங்கள் நீலமாகத் தெரிந்து மறைந்தன.

சித்தி கடைசி வரிசைக்குப் போயிருந்தாள். அந்த இருக்கைகள் ஆள் எழுந்தால் தானாக மடங்கிக்கொள்பவை. வரிசை முழுக்க மடங்கி நிற்க, சுவரோர இருக்கை மட்டும் விரிந்து கிடந்தது. அதற்கு அடுத்ததில் சித்தி உட்கார்ந்தாள். தாமதமாக வந்த ஒருவர் அந்த இடத்தை நோக்கி நகர்ந்தபோது, "ஆளுண்டு" என்றாள். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு பக்கம் போனார்.

படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு, வடையை வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் நான் சுவரைப் பார்த்தேன். கடிகாரம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு ஆணியும், அதைச் சுற்றி வட்டமாக வெளுப்பும். ஆணியில் ஒட்டடை தொங்கியது. ஒரு வாரத்தில் ஒட்டடை அவ்வளவு நீளம் வருமா என்று யோசித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று தடவை வாசித்துச் சொன்னவன் நான்தானே. தவிர, வடை சூடாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் போனோம். பலகையில் அதே போட்டோ, கீழே புதுத் தாள். அப்பா மறுபடி தூக்கினார், நான் வாசித்தேன்: கழிஞ்ச ஞாயிற்றுக்கிழமை நடந்த சினிமா விவாதத்தில் கலந்துகொண்டவர்கள். அப்பா என்னைக் கீழே இறக்காமலே படத்தில் வெகுநேரம் தேடினார்.

"போன வாரம் நாம இருந்தோமேலே. நாம எங்க?"

எங்கள் இடங்களில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். காணாமல் போனது சித்தப்பா அல்ல, நாங்கள்தானோ என்று தோன்றியது.

"அத்தான், நாமதான் பின்னாடி திரும்பியே இருந்தோமே. மொகம் விழுந்திருக்காது" என்றாள் சித்தி.

அப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டார். மூன்றாவது ஞாயிறு அவருக்குச் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு அடைப்பாக இருந்தும்.

நானும் சித்தியும் போனோம். நதிகளைப் பற்றிப் பேசினார்கள், நாவல்களைப் பற்றிப் பேசினார்கள், ஒரு நாள் யாரோ கவிதை வாசித்தார்கள். சித்தி அசையாமல் கேட்டாள். சில சமயம் பக்கத்து இருக்கையின் பக்கம் தலையைச் சாய்த்து மெல்ல ஏதோ சொல்வாள். இருட்டில் அந்த இருக்கையை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வராது. ஓரக்கண்ணால் பார்த்தால் சட்டையின் வெள்ளை தெரிவதுபோல் இருக்கும். வழக்கமாக வருபவர்களும் அந்த இடத்தை விட்டு ஒதுங்கி நடக்கப் பழகிவிட்டார்கள்.

பதினோராவது ஞாயிறு. படத்தில் ஒரு கிழவர் பனியில் நடந்துகொண்டே இருந்தார். இசை இல்லை, பேச்சு இல்லை. அப்போது 'டப்'பென்று ஒரு சத்தம். அரங்கமே திரும்பிப் பார்த்தது. சுவரோர இருக்கை மடங்கி நின்றது.

சித்தி கதவைப் பார்த்தாள். கதவுத் திரை லேசாக ஆடியது.

"கெளம்பிட்டாரு" என்றாள். "வா மக்கா."

வெளியே ஆபீஸ் சார் நின்றிருந்தார். சத்தத்துக்கு அவரே மன்னிப்புக் கேட்பதுபோல, முந்தின நாள்தான் ஆளை விட்டு துரு ஏறி மடங்காமல் கிடந்ததற்கும் சேர்த்து எல்லா இருக்கைக்கும் எண்ணெய் போட்டதாகச் சொன்னார். அப்படியானால் அன்று நாங்கள் உள்ளே வந்தபோது அது ஏன் விரிந்து கிடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சித்தி அந்தப் போட்டோவைக் கேட்டாள். அவர் ஆணிகளைப் பிடுங்கி, படத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். நிறைந்த அரங்கத்தைக் காட்டினால்தான் மையத்துக்கு உதவித்தொகை வரும் என்பதும், அரங்கம் நிறைந்திருந்தது எப்போதோ ஒரு நாள்தான் என்பதும் கல்லூரிக்குப் போன பிறகு எனக்குத் தெரிந்தது.

ஊரில் தர்ப்பை எரிந்தது. மாலை போட ஒரு படம் வேண்டும். கல்யாணப் போட்டோவை வெட்டச் சித்திக்கு மனமில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் அந்தக் கூட்டத்திலிருந்து சித்தப்பாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கித் தரக் கேட்டோம்.

"தலைக்கு மேல கடியாரம் நிக்குதே. மாய்ச்சுத் தரட்டா? நூறு ரூவா கூட ஆகும்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"வேண்டாம். அங்கதான் கழட்டிட்டாங்க. இதுலயாவது இருக்கட்டும்" என்றாள் சித்தி.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "சித்தி, ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. ஆணியப் பாத்துட்டு நீ வடையத் திங்காம நின்னியே, அப்ப நானும் பாத்தேன்."

பிறகு எதற்குப் பத்து வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று விளங்கியது நூறு ரூபாய் மிச்சம் என்பது மட்டும்தான். படம் இப்போதும் சித்தி வீட்டில் தொங்குகிறது, ஆறு இருபது மணியோடு. அவள் கழுத்தில் தாலி கூடுதலாகக் கிடந்த பதினோரு ஞாயிறுகளுக்கு எங்களுக்கு ஆன செலவு, கண்ணாடிச் சட்டமும் சேர்த்து, முன்னூற்றைம்பது ரூபாய்.